கறுப்பு டெனிம் ஜக்கெற்றில் கையால் வரைந்த மண்டையோடு: வர்ணம் ஏன் வெடிக்கிறது?

உவர்மலையான் (கேள்வி)

வணக்கம். நானும் நண்பர்கள் நால்வரும் ஒவ்வோர் ஏப்ரலிலும் திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருவது வழக்கம். நமது ஊர் வெயிலில் ஜக்கெற் அணிபவனைக் கண்டால் எவரும் சிரிப்பார்கள் என்றாலும், மலை ஏறத் தொடங்கியதும் அது இல்லாமல் முடியாது. இம்முறை ஐவரின் ஜக்கெற்றுகளிலும் முதுகுப் பக்கத்தில் மண்டையோடு வரைவதென்று முடிவுசெய்து, முதலில் எனது கறுப்பு டெனிமில் முயன்று பார்த்தேன். சாதாரண வெள்ளை அக்றிலிக் வர்ணத்தைத் தடிப்பாகப் பூசி, அதன்மேல் கண்குழிகளுக்குக் கறுப்பையும் ஏற்றினேன். காய்ந்தபோது அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை தோய்த்ததும் நெற்றிப் பகுதி, வற்றிய குளத்துச் சேறு பிளப்பதுபோல் வெடித்துவிட்டது. நகம் பட்டாலே செதிலாகக் கழன்று வருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எனது அம்மா வன்னியில் வாழ்ந்தவர். மண்டையோட்டையும் அதன் கீழே நான் வரைந்திருந்த குறுக்கெலும்புகளையும் கண்டவுடன், "மிதிவெடிப் பலகையை முதுகில் மாட்டிக்கொண்டா போகப்போகிறாய்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வர்ணத்துக்கும் படத்துக்கும் வழி சொல்வீர்களா?

பலகை எழுதுபவன்

தம்பி, பிழை வர்ணத்தில் இல்லை, தடிப்பில்தான் இருக்கிறது. அக்றிலிக் வர்ணத்தில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது எஞ்சுவது ஒரு பிளாஸ்ரிக் படலம். துணி மடியும் இடத்தில் மெல்லிய படலம் கூடவே மடியும், தடித்த படலம் முறியும். ஆகவே வர்ணத்துடன் துணிக்கென்று விற்கப்படும் கலவைத் திரவத்தைப் போத்தலில் எழுதியுள்ள அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். படலம் இளக்கமாகவே இருக்கும். புதிய டெனிமில் கஞ்சிப் பசை இருக்கும் என்பதால் வரைவதற்கு முன்பே ஒருமுறை தோய்த்துக் காயவிடுவது அவசியம், ஆனால் மணமூட்டி மென்மையாக்கும் திரவம் எதையும் அப்போது சேர்க்கக்கூடாது.

உள்ளே ஒரு காட்போட் மட்டையைச் செருகி, துணியை இழுக்காமல் பரப்பிவைத்து, தையல் வெண்கட்டியால் உருவத்தைக் கீறிக்கொள்ளுங்கள். டெனிமைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் சாய்வான வரம்புகள் தெரியும். தூரிகையை அந்த வரம்புகளின் வழியே மட்டும் இழுத்தால் பள்ளங்களில் கறுப்பு எஞ்சிவிடும். எனவே முதற்பூச்சை வரம்புக்குக் குறுக்கே, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அது சாம்பலாகத்தான் தெரியும், பதறி இன்னும் அள்ளிப் பூசாதீர்கள். நன்கு காயவிட்டு இரண்டாவது, தேவையானால் மூன்றாவது மெல்லிய பூச்சு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வர்ணம் தூரிகையிலேயே இறுகிவிடும் என்பதால் நான் யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்வேன். வாடைக்காலமென்றால் ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாட்கள் காயவிடுவேன்.

முற்றாகக் காய்ந்தபின் ஜக்கெற்றை உட்புறம் வெளியே திருப்பி, பருத்தித் துணி ஒன்றை இடையில் விரித்து, நீராவி இல்லாமல் சில நிமிடங்கள் மின்னழுத்தியை நகர்த்தி நகர்த்திச் சூடு கொடுங்கள். அதன்பின் ஒரு வாரமாவது தோய்க்க வேண்டாம். உங்கள் நண்பர்களில் எவராவது றெக்சின் ஜக்கெற் வைத்திருந்தால் அதில் வரைந்து உழைப்பை வீணாக்காதீர்கள்; நமது கடற்கரை ஈரத்தில் வர்ணத்துக்கு முன்னர் அதன் தோலே உரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்

மேலே கூறப்பட்டவை அனைத்தும் சரியே. ஆனால் கறுப்புத் துணியின்மேல் வெள்ளை பூசி, அந்த வெள்ளையின்மேல் மீண்டும் ஏன் கறுப்பைப் பூசினீர்கள்? கண்குழியும் மூக்குத் துளையும் பல்லிடுக்குகளும் துணியின் சொந்தக் கறுப்பாகவே இருக்கட்டும். எலும்பில் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் வரையுங்கள். பூசாத இடம் ஒருபோதும் வெடிக்காது.

வரைவதற்கு முன் மண்டையோட்டைப் பாருங்கள். கீழ்த்தாடையுடன் சேர்த்து அளந்தால் கண்குழிகள் ஏறத்தாழ நடு உயரத்தில் இருக்கும். மாணவர்கள் பெரும்பாலும் அவற்றை மேலே ஏற்றி, மூளைக்கு இடமில்லாத மண்டையை வரைந்துவிடுவார்கள். குழிகள் வட்டமல்ல, மூலைகள் மழுங்கிய சதுரம். வெளிமூலை சற்றே கீழே தொய்ந்திருக்கும். மூக்குத் துளை தலைகீழான இதயம்போல் தெரியும். பற்களைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கீறினால் மதில் கட்டியதுபோலாகும்.

தாயாரின் பேச்சை இலேசாக எடுக்காதீர்கள். அவரைத் துன்புறுத்துவது அந்தக் குறுக்கெலும்புகள்தான் என்று நினைக்கிறேன், ஏனெனில் அபாய அறிவித்தலின் வடிவம் அவற்றால்தான் முழுமையாகிறது. மண்டையோடு மட்டுமென்றால் அது நமக்கு அந்நியமன்று. காளி அதை மாலையாக அணிந்தவள், சிவனுக்குக் கபாலி என்றே பெயர். மெக்சிக்கோவின் அச்சோவியர் பொசாடா (1852–1913) பூக்களும் இறகுகளும் செருகிய பெரிய தொப்பியை மண்டையோட்டுக்கு அணிவித்துச் செதுக்கிய படம் இன்று உலகெங்கும் தெரியும். ஜக்கெற்றின் முதுகில் படம் வரைவதும் உங்கள் தலைமுறை கண்டுபிடித்ததன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையினர் தமது ஏ-2 தோல் ஜக்கெற்றுகளில் வரைந்துகொண்டார்கள். எலும்புகளை நீக்கிவிட்டு, நெற்றியைச் சுற்றி எருக்கலம்பூக்களை வையுங்கள். சிவனுக்குரிய பூ, ஒவ்வொன்றும் ஒரு சிறு முடிபோன்றது, தெருவோரத்தில் பறித்து முன்னால் வைத்தே வரையலாம்.

தையல் அக்கா, உப்புவெளி

ஐயா சொன்ன பூக்களை வர்ணத்தில் வரையாமல் நூலில் தைத்தால் மேலும் நன்றாக அமையும். ஊதா நூல் ஆறிழையில் மூன்றைப் பிரித்தெடுத்து இதழ்களை நிரப்புங்கள். ஜக்கெற்றில் நேரடியாகத் தைப்பதைவிட, கறுப்பு கன்வஸ் துண்டில் தைத்து, ஓரத்தை அடைத்து, பிறகு முதுகில் பொருத்துவது இலகு. டெனிம் நைந்தாலும் கழற்றி வேறொன்றில் வைக்கலாம். தைத்த பின்னர் சூடு கொடுப்பதானால் நூலின் பக்கம் போகாதீர்கள். தோளுக்குக் கீழே வரும் தடித்த மூட்டுத் தையலைத் தாண்டி வர்ணம் பூசவும் வேண்டாம்.

உவர்மலையான்

மூவருக்கும் நன்றி. பழைய வர்ணத்தை முற்றாகச் சுரண்டி எடுக்க முடியாததால், நண்பன் ஒருவனின் ஜக்கெற்றில் புதிதாகத் தொடங்கினேன். மூன்று மெல்லிய பூச்சு, கண்குழிகளில் ஒரு துளி வர்ணமும் இல்லை. இரண்டு முறை தோய்த்தாகிவிட்டது, நெற்றி அப்படியே இருக்கிறது. அக்கா எச்சரித்தும் கேளாமல் மேல்தாடையை மூட்டுத் தையலின்மேல் கொண்டுபோனதில் ஒரு கடைவாய்ப் பல் மட்டும் வெடித்துவிட்டது. அம்மா படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எருக்கலம்பூவுக்கு ஐந்து இதழ், நான் ஒன்றில் ஆறு வரைந்திருக்கிறேன் என்று மட்டும் காட்டினார். அந்தப் பல்லை நூலால் மூட முடியுமா, அக்கா?

தையல் அக்கா, உப்புவெளி

முடியும். வெள்ளை வேண்டாம், வெளிறிய மஞ்சள் நூல் எடுங்கள். வெடித்ததைச் சுரண்டாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.