சதாம் தூக்கு: நம்ம ஊரில் ஏன் இத்தனை இரக்கம்?

காரைக்குடிப் பையன்:
2006 டிசம்பர் 30, பக்ரீத் சமயத்தில் ஈராக்கின் முன்னாள் அதிபர் சதாம் உசேனைத் தூக்கில் போட்டார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் பாதிப் பேர் 'பாவம்' என்கிறார்கள். அந்த நாட்டின் துஜைல் ஊரில் 148 பேரைக் கொன்ற வழக்கில்தானே தண்டனை? அப்புறம் என்ன இரக்கம்?

தேவகோட்டையான்:
அது அமெரிக்கா மேல் உள்ள கோபம் தம்பி. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று 2003இல் ஈராக்குக்குள் போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் ராணுவம் நிற்கிற நாட்டில் நடந்த விசாரணையை எவன் நம்புவான்? நம் மத்திய அரசே ஏமாற்றம் தெரிவித்தது.

பழைய குவைத்காரன்:
1990 ஆகஸ்டில் அவன் படை வந்தபோது நான் குவைத்தில் சமையல் வேலை. சம்பளப் பாக்கி, சேர்த்த சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மான் போய், அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தேன். லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படித்தான் திரும்பினோம். அவனுக்காக நான் ஏன் அழணும்? ஆனால் கழுத்தில் கயிறோடு நிற்கிறவனைப் பார்த்துக் கூச்சல் போட்டு, அதைச் செல்போனில் எடுத்துப் பரப்பியது அசிங்கம்.

பள்ளத்தூர் ஆச்சி:
அந்த வீடியோதான் ஆளைத் தியாகி ஆக்கிவிட்டது. வட ஈராக்கில் வாழும் குர்து இன மக்களைக் கொன்ற அன்ஃபால் என்ற ராணுவ நடவடிக்கை பற்றிய வழக்கு பாதியில் இருக்கும்போதே கதையை முடித்துவிட்டார்கள். 1988இல் குர்துகளின் ஊரான ஹலப்ஜாவில் விஷவாயுவில் ஆயிரக்கணக்கில் செத்தார்களே, அவர்களுக்கு அவன் பதில் சொல்லவே இல்லை. எனக்கு அந்த வருத்தம்தான்.

காரைக்குடிப் பையன்:
இதை இங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை ஆச்சி. குவைத் அண்ணே, அந்தப் பாக்கி வந்ததா?

பழைய குவைத்காரன்:
ஐ.நா. இழப்பீட்டில் பிறகு கொஞ்சம் வந்தது. ஈராக் எண்ணெய் விற்ற காசுதான் அதுவும்.