வேன் கூரை உள்ளே சொட்டுது: ஒழுகலா, வேர்வையா?

அரவேணு வேன்:
வணக்கம்ங்க. பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி வீட்டோட சேர்ந்து கேம்பரா, அதாவது உள்ளேயே சமைச்சுப் படுக்கிற வண்டியா, மாத்திக்கிட்டு இருக்கோம். அப்பா, நான், வீட்டுக்காரம்மா, எட்டாவதும் அஞ்சாவதும் படிக்கிற ரெண்டு வாண்டுங்க, இதுதான் எங்க ஒர்க்‌ஷாப். அப்பா டீ ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவர், வெல்டிங் எல்லாம் அவரே பாத்துக்குவார். சீட்டை எல்லாம் கழட்டிட்டு, பழைய ரெக்சின் கூரையைப் பிச்சுட்டு, ரிப்புக்கு (கூரைத் தகரத்தைத் தாங்குற குறுக்குக் கம்பி) நடுவுல கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) அடைச்சு, கீழே 4 மி.மீ. பிளைவுட் வச்சு நேரா ரிப்புல ஸ்க்ரூ அடிச்சோம். கட்டில் சில்வர் ஓக் பலகை. ஜன்னல் திரை வீட்டுக்காரம்மா தச்சது.

இப்ப என்னன்னா, விடிஞ்சு பாத்தா கூரை சொட்டுது. ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலயும் டிகாக்‌ஷன் நிறத்துல ஒரு சொட்டு தொங்குது. போர்வையெல்லாம் நனைஞ்சு ஒரு மாதிரி வாடை. அப்பா “ஜாயின்ட் போயிருச்சுடா, ஒழுகுது”ன்னு அடிச்சுச் சொல்றார். மேல ஏறி எல்லா ஜாயின்ட்லயும் சிலிக்கான் இழுத்தாச்சு, நிக்கல. வண்டி இப்போதைக்கு வீட்டு முற்றத்துலதான் நிக்குது. ஆனா லீவு நாள்ல அதுக்குள்ளதான் படுக்கணும்னு பசங்க அடம், அதனால எல்லாரும் அதுலதான் தூங்குறோம். ராத்திரி டீ, நூடுல்ஸ் எல்லாம் உள்ளேயே. கூரையைப் பிரிக்காம சரி பண்ண வழி இருக்கா?

ஃபர்ன்ஹில் தம்பி:
மொட்டை மாடிக்கு அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிங்க ப்ரோ. மாமா பிக்கப்புக்கு அப்படித்தான் பண்ணாங்க.

மேட்டுப்பாளையம் டிங்கர்:
பெயிண்ட்டைக் கீழ வைங்க சாமி. மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. மழை பெஞ்ச ராத்திரி அதிகமா சொட்டுதா, வானம் தெளிஞ்ச ராத்திரியா? ஆளே படுக்காத ராத்திரியும் சொட்டுதா? கூரை பூராவுமா, ஒரு இடத்துல மட்டுமா? அப்புறம் அந்த சிலிக்கான் போடும்போது வினிகர் வாடை அடிச்சுதா?

அரவேணு வேன்:
நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சேன் அண்ணா. தெளிஞ்ச ராத்திரிலதான் அதிகம். ஆள் படுக்கலேன்னா ஸ்க்ரூல சொட்டே இல்லை. ஆனா பின்கதவு வலது மூலை மட்டும் தனிக் கதை: மழை பெஞ்சா, யாரும் படுக்காட்டியும் அங்க நனையும். வினிகர் வாடை கண்ணு எரியிற அளவுக்கு அடிச்சுது.

மேட்டுப்பாளையம் டிங்கர்:
அப்ப ரெண்டு நோய். மூலையில இருக்கிறது நிஜ ஒழுகல், அதுல அப்பா சொல்றது சரி. மத்தது பூரா உள்ளே இருக்கிற ஆவி தகரத்துல வேர்த்துச் சொட்டுறது. மேல எவ்வளவு பூசினாலும் அது நிக்காது, ஏன்னா தண்ணி மேல இருந்து வரவே இல்லை. அந்த வினிகர் வாடை சிலிக்கானைச் சுரண்டி எடுத்துடுங்க. காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், பெயிண்ட் போன தகரத்துல பட்டா துருவை இழுத்துட்டு வரும். அது மேல பெயிண்ட்டும் ஒட்டாது. கரூர்ல பஸ் பாடி கட்டுறவங்க போடுற மாதிரி பி.யு. (பாலியூரிதேன்) சீலன்ட் வாங்குங்க.

கேத்தி சயின்ஸ் வாத்தியார்:
டிங்கர் சொல்றதுக்குக் கொஞ்சம் கணக்கு. 20 டிகிரி சூட்டுல ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 17 கிராம் ஈரத்தைத் தாங்கும். அதே காத்து 5 டிகிரிக்கு இறங்கினா 7 கிராம்தான் தாங்கும். மீதி எங்க போகும்? எது குளுந்து கிடக்கோ அது மேல, அதாவது உங்க தகரத்து மேல. தூங்குற ஒவ்வொருத்தரும் விடியறதுக்குள்ள மூச்சாவும் வேர்வையாவும் ஒரு டம்ளர் தண்ணியாவது வெளிய விடுவாங்க. அதோட சமையல் கேஸ். ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணி ஆவியா வருது. அது எரியறதுல உண்டாகுற தண்ணி, பாத்திரத்துல கொதிக்கிறது தனி.

தெளிஞ்ச ராத்திரி ஏன் மோசம்னா, மேகம் இல்லாதப்ப தகரம் தன் சூட்டை நேரா வானத்துக்கு விட்டுட்டு, சுத்தியுள்ள காத்தை விடவும் குளுந்துரும். டிசம்பர், ஜனவரியில தேயிலை உறைபனியில கருகுறதும் இந்த மாதிரி ராத்திரிலதானே.

நம்பிக்கை இல்லாத அப்பாவுக்கு ஒரு சோதனை இருக்கு. ஒரு எடத்துல பிளைவுட்டையும் வூலையும் எடுத்துட்டு, புதுச் சட்டை வர்ற கண்ணாடிக் கவரை வெட்டித் தகரத்துல ஒட்ட வைங்க, நாலு ஓரமும் டேப். காலையில கவரோட நம்ம பக்கம் ஈரமா இருந்தா வேர்வை. கவருக்கும் தகரத்துக்கும் நடுவுல தண்ணி நின்னா ஒழுகல்.

ஃபர்ன்ஹில் தம்பி:
ராத்திரி உள்ள ஒரு கரி அடுப்பு வச்சுட்டா ஈரமெல்லாம் காஞ்சுரும்ல? குளிரும் தெரியாது.

குன்னூர் நர்ஸ் அக்கா:
தம்பி, இதை யாருக்கும் சொல்லாதே, நீயும் செய்யாதே. மூடின இடத்துல கரி புகைஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. தலை கனக்குறது தூக்கக் கலக்கத்துல தெரியவே தெரியாது. ரூமுக்குள்ள கரி மூட்டித் தூங்கினவங்க காலையில எழுந்திரிக்காத செய்தி கொடைக்கானல்ல இருந்தெல்லாம் வந்திருக்கு. வேன் அதை விடச் சின்ன இடம், உள்ள குழந்தைங்க வேற. கேஸ் ஸ்டவ்வும் சூட்டுக்காகப் பத்த வைக்கக் கூடாது. சமைக்கிற நேரம் மட்டும், கதவைத் திறந்து வச்சு. குளிருதுன்னா ஸ்வெட்டர் போடு, இன்னொரு கம்பளி போத்து.

மேட்டுப்பாளையம் டிங்கர்:
அக்கா சொன்னதுக்கு மேல பேச்சில்லை.

வேலைக்கு வர்றேன். பிரிக்காம வழி இருக்கான்னு கேட்டீங்க. இல்லைங்க. பிளைவுட் சந்து வழியா ஆவி மேல போயி, தகரத்துல பட்டு, கிளாஸ் வூல்ல ஊறி, அங்க இருந்து ஸ்க்ரூ வழியா இறங்குது. ஊறின வூல் குளிரையும் தடுக்காது, ஈரத் துணியைத் தகரத்துல கட்டி வச்ச கணக்குதான். அந்தச் சொட்டு நிறமா இருக்குன்னா துரு ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு. மொத்தமா எடுங்க, மாஸ்க் போட்டுக்கிட்டு எடுங்க, பசங்களைக் கிட்ட விடாதீங்க.

தகரத்தை ஒயர் பிரஷ்ல தேச்சு, துரு மிச்சம் இருக்கிற இடத்துல அதை மேல பரவ விடாம நிறுத்துற ரஸ்ட் கன்வெர்ட்டர், அது காஞ்சதும் எபாக்சி ப்ரைமர். வெயில் ஏறின அப்புறம் அடிங்க. மேகம் இறங்கின நேரத்துல அடிச்சா ஈரம் அடியில மாட்டிக்கிட்டு பொக்குன்னு உரிஞ்சு வரும். அதுக்கு மேல ஏ.சி. டக்டுக்குச் சுத்துற நைட்ரைல் ரப்பர் ஷீட், 19 மி.மீ. கோயமுத்தூர்ல ஏ.சி. சாமான் விக்கிற கடையில கிடைக்கும். தகரத்தோட இடைவெளியே இல்லாம ஒட்டணும், காத்து பூந்துச்சுன்னா அங்க வேர்க்கும். முக்கியமா ரிப்பு மேலயும் ஒட்டுங்க. ரிப்பை அம்மணமா விட்டா அது வழியா குளிர் இறங்கி, மறுபடி அங்கதான் சொட்டும். ஸ்டவ் பக்கம் மட்டும் ரப்பர் வேண்டாம், அங்க ஒரு ஸ்டீல் தகடு அடிச்சுடுங்க.

இவ்வளவு பண்ணிட்டு ஜன்னலை இறுக்கி மூடித் தூங்கினா திரும்ப இதே இழையிலதான் வந்து நிப்பீங்க. கீழ ஒரு பக்கம் காத்து வரணும், மேல இன்னொரு பக்கம் போகணும். காத்து அடிக்காத பக்கத்து ஜன்னல் ரெண்டு விரல் திறந்தே இருக்கட்டும். மேல பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு வைங்க, 12 வோல்ட்தான், பேட்டரி தாங்கும்.

கூடலூர் சேட்டன்:
அந்த மூலை ஒழுகலுக்கு: ஹோஸை எடுத்த உடனே கூரை மேல பிடிக்காதீங்க. கீழ இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு இடமா நிறுத்தி நிறுத்தி மேல போங்க. உள்ள ஒருத்தர் டார்ச்சோட நிக்கணும். எங்க ஊருல ஜூன்லயே மழை பிடிச்சுரும், உங்களுக்கு அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு.

ஆர்.சி. என்ன ஆச்சு? சீட்டைக் கழட்டிட்டீங்கன்னு எழுதியிருக்கீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கு, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் இருக்கு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. ரோட்டுல இறக்குறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்துல கேட்டுடுங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லணும், இல்லேன்னா ஏதாவது ஆச்சுன்னா கையை விரிச்சுருவாங்க.

அரவேணு வேன்:
ஆர்.சி. விஷயம் மனு கொடுத்திருக்கு சேட்டா, பதில் வர்ற வரைக்கும் வண்டி முற்றத்தைத் தாண்டாது. சீட்டு எல்லாம் போல்ட்டோட பத்திரமா இருக்கு.

கவர் சோதனை பண்ணியாச்சு. நம்ம பக்கம்தான் முத்து முத்தா நின்னுச்சு. அப்பா கவரைத் தடவிப் பாத்துட்டு “ம்”னு மட்டும் சொன்னார். ஆனா ஹோஸ் சோதனையில ஜெயிச்சது அவர்தான். பொண்ணு உள்ள டார்ச்சோட, அப்பா வெளிய ஹோஸோட. மூலையில எவ்வளவு நேரம் பிடிச்சாலும் ஒரு பொட்டுத் தண்ணி உள்ள வரல. மேல கேரியர் போல்ட் பக்கம் கொண்டு போனதும் உள்ள இருந்து “தாத்தா, வருது”ன்னு கத்தினா. போல்ட் ஓட்டையில இறங்குற தண்ணி ரிப்பு வழியாவே ஓடி மூலையில போய் விழுந்திருக்கு. போல்ட்டுக்கு அடியில இருந்த ரப்பர் வாஷர் கல்லாட்டம் இறுகிப் போயிருந்துச்சு, நகத்தால அழுத்துனா உடையுது. எல்லா வாஷரையும் மாத்தி, பி.யு. வச்சு இறுக்கப் போறோம்.

வூல் பாதி எடுத்தாச்சு. பிழிஞ்சா தண்ணி வருது. துரு மேலோட்டம்தான், ஓட்டை விழல.

இன்னொண்ணு கேக்கணும். பிளைவுட் ஓரமெல்லாம் ஊதிப் போச்சு. அதுக்குப் பதிலா மிச்சம் இருக்கிற சில்வர் ஓக்கையே மெல்லிசா அறுத்துக் கூரைக்குப் போடலாமா?

மேட்டுப்பாளையம் டிங்கர்:
நல்லா காஞ்ச மரம்னா போடுங்க. எஸ்டேட்ல இருந்து வந்த பச்சை மரம்னா சுருங்கி சந்து விழும், சந்து விழுந்தா ஆவி மேல போகும். பிளைவுட்டே வேணும்னா தண்ணிக்குத் தாங்குற பி.டபிள்யூ.பி. கிரேடு, ஐ.எஸ். 710 முத்திரை பாத்து வாங்குங்க, ஓரத்துக்கு வார்னிஷ் ஊட்டுங்க.

எதைப் போட்டாலும் ஸ்க்ரூ நேரா ரிப்புல இறங்கக் கூடாது. ரிப்புல மரச்சட்டத்தை பி.யு. வச்சு ஒட்டி, சுத்தி ரப்பரை நெருக்கி விட்டு, ஸ்க்ரூவைச் சட்டத்துல இறக்குங்க.

அரவேணு வேன்:
10 மி.மீ. சட்டம் போதுமாண்ணா?

மேட்டுப்பாளையம் டிங்கர்:
ரப்பரே 19, அதுக்குச் சமமா வேண்டாமா? 20 வைங்க. ஸ்க்ரூ முக்கால் இஞ்சுக்கு மேல வேண்டாம், அந்தப் பக்கம் தகரத்தைத் தொட்டுரும்.