புதுப்பிப்பு: டெக்சாஸ் கவுண்டி நீதிமன்றத்தில் கடைத் திருட்டு வழக்கு முடிந்த விதம்

டெக்சாஸில் 100 டாலருக்கு மேல், 750 டாலருக்குள் மதிப்புள்ள பொருளைக் கடையிலிருந்து எடுத்ததாக ‘கிளாஸ் பி’ எனும் சிறு குற்ற வகைக் குற்றச்சாட்டில் கைதான, எச்1பி வேலை விசாவிலுள்ள என் அத்தை மகனின் வழக்கு எப்படி நகரும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி, வழக்கு தள்ளுபடியாகிவிட்டது.

கைதான 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, உரிமைகளை எடுத்துச் சொல்லி, ஜாமீன் தொகையை நிர்ணயித்தார்கள். 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்கத்தக்க சிறு குற்றம் என்பதால், கிராண்ட் ஜூரிக்கு (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) போகாமல் அரசு வழக்கறிஞரே குற்றச்சாட்டைத் தாக்கல் செய்தார். முதல் விசாரணையில் பெயரைக் கூப்பிட்டு, வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டு, அடுத்த தேதி கொடுத்ததோடு சரி. நம்மூர் வாய்தாவைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல.

கைகொடுத்தது, ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷ’னுக்கு (தீர்ப்பைத் தள்ளிவைத்து, கண்காணிப்பில் வைக்கும் ஏற்பாடு) அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்ன யோசனைதான். அதில் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவோ எதிர்த்து வாதாடவில்லை என்றோ நீதிபதியிடம் சொல்ல வேண்டியிருப்பதால், மாநிலச் சட்டப்படி தண்டனைத் தீர்ப்பு இல்லையென்றாலும், குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனையாகவே கொள்ளும். இத்தகைய விளைவுகளை எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் வக்கீல் பேசி, நீதிபதி முன் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லாத ‘ப்ரீடிரையல் டைவர்ஷ’னை (நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு) பெற்றுத் தந்தார்.

எதிர்பாராதது ஒன்று: தள்ளுபடியான பிறகும் கைதுப் பதிவு தானாக அழியவில்லை, அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் ‘எக்ஸ்பங்ஷன்’ என்ற பதிவழிப்பு மனுவைத் தனியாகப் போட வேண்டும். பதிவு அழிந்தாலும் விசாப் படிவத்தில் கைதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பதால், தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகல்களை மனுப் போடும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டோம்.