600 கி.மீ. பி.ஆர்.எம்.முக்கு முன்னால் பின் கியர் அடம்பிடிக்கிறது: எந்தப் பாகத்தை மாற்றுவது, எதைக் கையில் எடுத்துச் செல்வது?

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் கோவையிலிருந்து புறப்படும் 600 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் சவாரி) பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைப்பாதையும் உண்டு. என் சைக்கிள் அலுமினியச் சட்டம், ரிம் பிரேக், 11 வேக ஷிமானோ 105 ஆர்7000 கியர், முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல், பின் சக்கரத்தில் 24 கம்பிகள், 25 மி.மீ. டயர்.

சில வாரங்களாகச் சிறிய பல்சக்கரத்திலிருந்து பெரியதற்கு மாறும்போது செயின் தயங்கி, கடகடவென்று ஒலித்த பிறகே ஏறுகிறது. கியர் கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் பேரல் திருகைச் சற்றுத் திருப்பினால் சரியாகிவிடுகிறது. ஆனால் அடுத்த சவாரியிலேயே பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. டெரயிலரை, அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகத்தை, சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று கடையில் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள், நேராகவே இருக்கிறது. டெரயிலரையே மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். வேறொருவர், இதற்கு எலெக்ட்ரானிக் கியருக்கே போய்விடலாம் என்கிறார். எதைச் செய்வது? சீட்டுக்கு அடியில் மாட்டும் சிறிய பை ஒன்றுதான் இருக்கிறது. அதில் எந்தெந்த உதிரிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1

டெரயிலரைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி, கியர் கேபிள் லீவருக்குள்ளேயே இழை இழையாக அறுந்துகொண்டிருப்பதற்கு உரியது. கேபிளை ஹேண்டில் டேப்புக்கு அடியில் கொண்டுசெல்லும் ஷிமானோ லீவர்களில், 1.2 மி.மீ. கேபிள் தன் தலைக்குப் பக்கத்தில் மிகச் சிறிய உருளையைச் சுற்றி வளைய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அதே இடம் வளைந்து நிமிர்வதால் இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. ஓர் இழை முறிந்ததும் கேபிள் சற்று நீள்கிறது, நீங்கள் பேரலைத் திருப்பி அந்தத் தளர்வை ஈடுசெய்கிறீர்கள், அடுத்த இழை முறிகிறது. பேரலைத் திருப்பத் திருப்ப நோய் மறைந்து நிற்கிறதே தவிர, தீர்வதில்லை.

சோதிப்பது எளிது. பின் கியரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, டெரயிலரில் கேபிளைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ரப்பர் உறையை மடித்துவிட்டுக் கேபிளை லீவரை நோக்கித் தள்ளுங்கள். தலை தாராளமாக வெளியே வந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது. சிக்கிக்கொண்டு வர மறுத்தால், உள்ளே பிரிந்த இழைகள் பற்றியிருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் கியரை மேலும் மாற்றிப் பார்க்காதீர்கள். முழுவதும் அறுந்துவிட்டால் தலை மட்டும் லீவருக்குள் தங்கிவிடும், அதை நுனி மூக்குக் குறடால் கொக்கிபோட்டு எடுப்பது பட்டறையிலேயே பொறுமையைச் சோதிக்கும் வேலை. துருப்பிடிக்காத எஃகுக் கேபிளையும் வெளியுறையையும் சேர்த்தே மாற்றுங்கள். டெரயிலரின் விலையில் இது ஒரு சிறு பகுதிகூட ஆகாது.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எலெக்ட்ரானிக்கைப் பற்றி ஒன்று: 105 வரிசையில் டிஐ2 என்னும் ஷிமானோவின் எலெக்ட்ரானிக் கியர் 2022-இல் வந்தபோது டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே வந்தது, உங்கள் ரிம் பிரேக் சட்டத்தில் அதைப் பொருத்த முடியாது, சைக்கிளையே மாற்ற வேண்டிவரும். அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் கேசட், அதாவது பின் பல்சக்கரத் தொகுப்பு. 34-28 (முன்னால் 34 பல், பின்னால் 28 பல்) கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 9 கி.மீ.; கோத்தகிரி ஏற்றத்தில், அதுவும் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிய கால்களுடன், அந்த வேகத்தைத் தக்கவைக்க முடியாமல் 45, 50 சுற்றுக்கு இறங்கி முழங்காலை நோகடித்துக்கொள்வோர் பலர். 34-34 இருந்தால் அதே 60 சுற்றில் ஏழரை கி.மீ. வேகத்தில் நிதானமாக ஏறலாம். ஆனால் வாங்குவதற்கு முன் டெரயிலரின் பின்புறம் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள்: எஸ்.எஸ். என்றிருந்தால் அதிகபட்சம் 30 பல்தான், ஜி.எஸ். என்றிருந்தால் 34 வரை ஏற்கும். ஷிமானோவின் 11-34 கேசட்டான எச்.ஜி.700 அல்லது எச்.ஜி.800-ஐ 11 வேக ரோடு ஹப்பில் மாட்டும்போது, அதனுடன் வரும் 1.85 மி.மீ. வளையத்தை முதலில் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் கேசட் ஆடிக்கொண்டேயிருக்கும், நீங்கள் மறுபடியும் கேபிளைக் குறைசொல்வீர்கள். செயினும் நீளமாக வேண்டியிருக்கும் என்பதால் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

24 கம்பி பின் சக்கரம்தான் என்னை உறுத்துகிறது. 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று முறிந்தால் சற்றே கோட்டம் விழும், பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஓட்டலாம். 24-இல் ஒன்று போனால் ரிம் சட்டத்திலேயே உரசக்கூடும். தலை வளைந்த சாதாரணக் கம்பிகள் உள்ள 32 துளைச் சக்கரம் எடையில் கொஞ்சம் கூடுதலானாலும் நீண்ட பயணத்துக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. சட்டத்தில் இடமிருந்தால் 28 மி.மீ. டயருக்கும் மாறுங்கள், ஆர்7000 பிரேக் அதற்கு இடம் கொடுக்கும்.

மறுமொழி 3

உதிரிகளைப் பற்றி நான் எழுதுகிறேன். பி.ஆர்.எம். விதிப்படி கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு வெளியே உங்களுக்கென்று யாரும் வண்டியில் பின்தொடர்ந்து உதவக் கூடாது. ஆனால் வழியில் உள்ள எந்தக் கடையிலும் எதையும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே, சத்தியமங்கலத்திலோ தாராபுரத்திலோ ஒரு சைக்கிள் கடையில் கிடைக்கக்கூடியதைச் சுமக்க வேண்டியதில்லை. உங்கள் சைக்கிளுக்கு மட்டுமே பொருந்துவதைத்தான் கட்டாயம் சுமக்க வேண்டும்.

அந்த வகையில் முதலிடம் ஹேங்கருக்கு. ஒவ்வொரு சட்டத்துக்கும் அதன் வடிவம் வேறு. சைக்கிள் சாய்ந்து விழுந்து அது முறிந்தால் எந்த ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்காது. அடுத்து, கியர் கேபிள் ஒன்றும் ரோடு பிரேக் கேபிள் ஒன்றும். ஊர்க் கடைகளில் உள்ள பிரேக் கேபிளின் தலை பெரும்பாலும் உருளை வடிவம்; உங்கள் லீவருக்கு வேண்டியதோ பேரிக்காய் வடிவத் தலை. இரண்டையும் சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். 11 வேகச் செயினுக்கான இணைப்புக் கண்ணி இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள்; 9 அல்லது 10 வேகக் கண்ணி அகலத்தில் பொருந்தாது. கண்ணி மட்டும் போதாது, சேதமான கண்ணியைக் கழற்ற உங்கள் மல்டிடூலில் செயின் கட்டர் இருக்க வேண்டும்.

சக்கரக் கம்பிக்கு, முறிந்ததற்குப் பதில் தற்காலிகமாகக் கட்ட மடித்துவைக்கும் நூல் கம்பி ஒன்று கிடைக்கிறது. வலப்பக்கக் கம்பி முறிந்தால் கேசட்டைக் கழற்றாமல் புதுக் கம்பியைக் கோக்க முடியாது. நூலையோ ஹப் துளைக்குள் அப்படியே நுழைத்து இறுக்கிவிடலாம். சரியான அளவுள்ள ஸ்போக் சாவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூல் கம்பி இல்லாத நிலையில், இந்தச் சாவியால் முறிந்த கம்பிக்கு இருபுறமும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை அரைச்சுற்றுத் தளர்த்தினால் கோட்டம் ஓரளவு குறையும்.

டியூப் இரண்டு. எடை குறைந்த டி.பி.யூ. (ஒருவகைப் பிளாஸ்டிக்) டியூப்களை வாங்குவதாக இருந்தால் உறையைப் படியுங்கள், சிலவற்றில் டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று இருக்கும். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது ரிம் சூடாவதை நினைத்தால் சாதாரண பியூட்டில் ரப்பர் டியூப்தான் நிம்மதி. உங்கள் வால்வு பிரெஸ்டா என்னும் மெல்லிய வகையாக இருக்கும். லாரி பஞ்சர் கடையின் காற்றுக் குழாய் அதில் மாட்டாது, எனவே பித்தளை மாற்றி ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். சிறிய எடைதான், நள்ளிரவில் நெடுஞ்சாலையில் அதன் மதிப்பு தெரியும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கேபிள் தள்ளத் தள்ள வரவில்லை. கடையில் இழுத்து எடுத்தபோது தலைக்கு அருகே இழைகள் பிரிந்து, துடைப்பக் குச்சிபோல விரிந்திருந்தன. புதிய கேபிளும் உறையும் போட்டாயிற்று, கியர் கச்சிதமாக மாறுகிறது. டெரயிலர் ஜி.எஸ். என்பதால் 11-34 கேசட்டுக்கும் செயினுக்கும் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: எல்லா முன்னேற்பாட்டுக்கும் பிறகு வழியில் கேபிள் அறுந்து, மாற்றவும் இயலாமல் போனால் என்ன செய்வது? மடக்கும் டயர் ஒன்றும் வேண்டுமா?

மறுமொழி 1

கேபிள் அறுந்தால் டெரயிலரின் வில் செயினை மிகச் சிறிய பல்லுக்குத் தள்ளிவிடும். 11 பல்லில் மலை ஏற முடியாது. டெரயிலரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு எச் என்று குறித்த திருகை உள்நோக்கி முறுக்கினால், செயினை அடுத்த ஓரிரு பல்சக்கரங்களில் நிறுத்தலாம். கேபிள் சட்டத்துக்கு வெளியே ஓடும் சைக்கிளாக இருந்தால், டெரயிலர்ப் பக்கம் எஞ்சிய துண்டை இழுத்துத் தண்ணீர் பாட்டில் தாங்கியின் திருகில் கட்டி நடுப்பல்லில் நிறுத்துவது இன்னும் நல்லது. முன் கியர் வேலை செய்வதால் உங்களிடம் இரண்டு கியர்கள் இருக்கும், சமதரையில் அவை போதும்.

600-க்கு மடக்கும் டயர் தேவையில்லை. பழைய டயரின் ஓரக் கம்பியை அறுத்தெறிந்துவிட்டு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டால், பக்கவாட்டில் கிழிந்த டயருக்குள் டியூபுக்கு அடியில் வைத்து ஓட்டிவிடலாம்.

கேசட் வந்ததும் உடனே மாட்டுங்கள், கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். புதிய கேபிள் உறை முதல் ஓரிரு சவாரிகளில் அமர்ந்து சற்றுத் தளரும். மருதமலை வரை போய் எல்லாப் பல்லிலும் ஏற்றி இறக்கிப் பார்த்து, பேரலை அரைச்சுற்று திருப்ப வேண்டியிருந்தால் அங்கேயே திருப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பத் திருப்ப வேண்டியிருந்தால் இங்கே எழுதுங்கள்.