பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் நகலைப் பெற வழி தேவை

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில், என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழு அடுத்து மறுகட்டமைக்கப்படும்போது, தலைவர் பொறுப்புக்குப் போட்டியிட இருக்கிறேன். மாணவியர் கழிப்பறையில் ஓராண்டாகத் தண்ணீர் இல்லை. மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்கே வருவதில்லை என்பதால், வேறு எதற்கும் முன்பாக இதையே முன்வைக்க எண்ணுகிறேன். ஆனால், கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 22ஆம் பிரிவின்படி இப்போதைய குழு தயாரித்திருக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் இது இடம்பெற்றதா என்பதை அறிய முடியவில்லை. தலைமையாசிரியரிடம் இரண்டு முறை நேரில் கேட்டேன். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பள்ளி முகவரிக்கு விண்ணப்பித்து 41 நாட்கள் ஆகியும் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டை நான் எந்த அலுவலருக்கு அனுப்ப வேண்டும்?