டெண்ட் கொட்டகை நினைவுகளை அம்மாச்சியிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி:
எங்கள் அம்மாச்சிக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். கல்யாணமான புதிதில், கூடாரம் போட்டுப் படம் காட்டிய டெண்ட் கொட்டகைக்குப் போன கதையைத் தானாகச் சொன்னால்தான் உண்டு. போனில் பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்து "என்ன படம், எந்த வருஷம்" என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்று முடித்துவிடுகிறார். ஒரு எம்.ஜி.ஆர். படத்தில் சரோஜாதேவி வந்த பிறகுதான் கலர் வந்தது, அது பெரிய மாமா பிறக்குமுன் பார்த்தது என்கிறார். மாமா பிறந்தது 1957. அவரோ தன்னைத் தூக்கிக்கொண்டு போனதாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். எது சரி? வேறு என்ன கேட்கலாம்?

பதில்:
அது 'நாடோடி மன்னன்'. கடைசிப் பகுதி மட்டும்தான் கலர், சரோஜாதேவி வருவதும் அதில்தான். படம் வெளிவந்தது 1958 ஆகஸ்ட் 22, அதனால் மாமா பிறக்குமுன் அதைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் எப்போது பார்த்தார் என்பது இதை வைத்துத் தெரியாது. டவுனில் ஓடி முடித்து, படப்பெட்டி கிராமத்துக் கொட்டகைக்கு வர மாதக்கணக்காகும், சில சமயம் வருஷக்கணக்காகும், எம்.ஜி.ஆர். படங்களைத் திரும்பத் திரும்பப் போடவும் செய்தார்கள். வெளியான தேதி, அதற்கு முன்னால் பார்த்திருக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். டிக்கெட் நாலணா என்று சொன்னாலும் 1957 ஏப்ரலில் நயா பைசா (ரூபாய்க்கு நூறு என்ற புதுக் காசு) வருவதற்கு முன்னால் என்று முடிவு கட்டாதீர்கள், 25 பைசாவை நாலணா என்று அதற்கப்புறமும் ரொம்ப காலம் சொன்னார்கள்.

தயவுசெய்து அவரிடம் போய் "தப்பு" என்று சொல்லாதீர்கள். மாமா பிறக்குமுன் வேறொரு படத்துக்குப் போயிருப்பார், இரண்டும் மனசில் ஒன்றாகியிருக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் உங்கள் குறிப்பைத் தனியாக வையுங்கள்.

பதில்:
என் தாத்தா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். அவரிடம் பேசிப் பழகியதில் சொல்கிறேன், படத்தின் பெயரைக் கேட்டால் ஒன்றும் வராது, போன விதத்தைக் கேளுங்கள். நடந்தா, வண்டி கட்டிக்கொண்டா? முதல் ஆட்டமா, இரண்டாம் ஆட்டமா? தரை டிக்கெட்டா, பெஞ்சா? முக்கியமாக, எத்தனை முறை இடைவேளை விட்டார்கள்? பெரும்பாலான டெண்ட் கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜக்டர்தான் இருக்கும், ரீல் தீர்ந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும், அதனால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை சாதாரணம். ஒரே இடைவேளை என்றால் டவுன் தியேட்டராக இருக்கலாம். பகல் ஆட்டம் என்று சொன்னாலும் அப்படித்தான், டெண்டுக்குள் வெளிச்சம் வரும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகே படம் ஓட்டுவார்கள்.

அப்புறம், டிக்கெட் கொடுக்குமுன் ஒலிபெருக்கியில் ரிக்கார்டு போடுவார்கள் இல்லையா, ஊரே அதைக் கேட்டுத்தான் கிளம்பும். எந்தப் பாட்டு கேட்டதும் வீட்டிலிருந்து கிளம்புவீர்கள் என்று கேட்டு, அந்தப் பாட்டையே போட்டுக் காட்டுங்கள்.

பதில்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் ஒரு பெண், அதை யாரும் யோசிக்கவில்லையே. அன்றைக்குப் படத்துக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, மாமியார் என்ன சொன்னார், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், கூட வந்த பெண்கள் யார் யார்? கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவே தடுப்பு இருக்கும், அந்தப் பெண்கள் பக்கத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த சினிமா வரலாற்றிலும் கிடைக்காது, உங்கள் அம்மாச்சியிடம்தான் இருக்கிறது. மாமா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். பையன் பக்கத்தில் இருந்தால் சில விஷயம் வாயில் வராது.

கேள்வி கேட்டவர்:
பாட்டு விஷயம் வேலை செய்தது! முதல் வரியை அவரே பாடினார். தாத்தாவுக்குத் தெரியாமல் நாத்தனாரோடு இரண்டாம் ஆட்டம் போனதும் வெளியே வந்தது, இது எங்கள் அம்மாவுக்கே புதுச் செய்தி. இதை மற்றவர்களுக்கு அனுப்பலாமா?

பதில்:
அவரிடமே கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள், போனில் மட்டும் வைக்காமல் வேறு ஓரிடத்திலும் நகல் எடுத்து வையுங்கள். நடுவில் வரும் இருமல், சிரிப்பு எதையும் வெட்ட வேண்டாம்.