மறு: 'லோடு பேலன்சர்' தமிழ்ல என்ன?

> 'சுமை சமநிலையாக்கி'ன்னு வச்சுக்கலாமா? எங்க லோடு வந்தாலும் சுமைன்னே போட்டா ஒரே சீரா இருக்குமே.

வணக்கம்ங்க ஐயா,

ஒரே சீரா இருக்கணும்னு நீங்க நெனக்கிறது புரியுதுங்க, ஆனா லோடுங்கற சொல்லு இங்கிலீஷ்லயே ஒரு வேலையோட நிக்கலயே. துப்பாக்கிய லோடு பண்றதுன்னா தோட்டா போடறது, லோடடு கொஸ்டின்னா உள்குத்து வச்ச கேள்வி, ஒரு ஆள லோடடுன்னா பணக்காரன், அமெரிக்கால மூக்கு முட்ட குடிச்சவனுக்கும் அதே சொல்லு தான், லோட்ஸ் ஆஃப் டைம்னா வேண்டிய மட்டும் நேரம். இதுல எங்கயாச்சும் சுமை ஒட்டுதா? மனசுல இருந்து லோடு எறங்குச்சும்பாங்க, அதுக்கு நம்மகிட்ட 'மனபாரம் எறங்குச்சு' இருக்கு, அங்க கூட பாரம் தான்.

இன்னொன்னு. பழைய இங்கிலீஷ்ல இதோட மூலம் 'லாட்', வழி, பயணம், கொண்டுபோறதுன்னு அர்த்தம், பாரம்ங்கறது பின்னாடி வந்து ஒட்டிகிட்டது. துருவ நட்சத்திரத்த லோட்ஸ்டார்ம்பாங்களே, அதுல இன்னும் அந்தப் பழைய 'வழி' தான் இருக்கு. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் டிராக்டர்காரங்க 'மூணு நடை மண்ணு அடிச்சேன்'பாங்க, அதையே மூணு லோடுன்னும் சொல்வாங்க. போய்ட்டு வர்ற நடையே இங்க சரக்குக்கு அளவாயிருச்சு. ரெண்டு மொழியும் ஒரே தடத்துல போயிருக்கறதப் பாத்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

சரி, லோடு பேலன்சர் என்ன பண்ணுது? ஒரு வெப்சைட்டுக்கு வர்ற ரிக்வெஸ்ட்ட, அதாவது ஆளுங்க கேக்கறத, பதில் அனுப்பற பல சர்வர் கம்ப்யூட்டருக்கு பிரிச்சு விடுது. முறை வச்சும் அனுப்பலாம், எதுல கனெக்‌ஷன் கம்மியோ அதுக்கும் அனுப்பலாம், பெரிய சர்வருக்கு கூடுதலா தள்ளலாம், படுத்துட்ட சர்வர விட்டுட்டு மத்ததுக்கு அனுப்பும். எல்லாத்துக்கும் சரிசமமா குடுத்தே ஆகணும்னு இல்ல, அதனால சமநிலை வேணாம்ங்கறேன். மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரி கேட்ல நிக்கிற ஆளப் பாருங்க, பெங்களூரா ரக மாங்கா ஏத்திட்டு வர்ற லாரி எடை போட்டு முடிச்சதும் எந்தப் பக்கம் எறக்கறவங்க கை சும்மா இருக்கோ அந்தப் பக்கம் போன்னு கைய காட்டுவார், அதே தான் இதுவும். 'பளுப் பகிர்வி'ன்னு வைக்கலாம்.

பளு ஏன்னா மின்வாரியத்துல 'கூடுதல் மின்பளு'ன்னு ஏற்கனவே புழங்குது, மோட்டருக்கு மனு குடுக்கற விவசாயிக்கே தெரிஞ்ச சொல்லு, சர்வர் திணறறதும் அந்த வகை தான்.

அதே மாதிரி, வெப்சைட் பக்கம் தெறக்கறப்ப காட்டற பேஜ் லோடிங்குக்கு 'ஏற்றப்படுகிறது' வேணாம்ங்க, 'ஏறுகிறது' போதும். சார்ஜ் ஏறுது, டேங்க்ல தண்ணி ஏறுதுன்னு எல்லாரும் பேசறது தானே, செல்போன் ஸ்கிரீன்ல எடமும் கம்மியா புடிக்கும்.

பகிர்னு பாத்தா ஷேர் பட்டன் ஞாபகம் வரும்னு யாராச்சும் சொல்லலாம், நியாயம் தான். அப்ப 'பளுப் பங்கீட்டி' எப்படி இருக்கு? வாய்ல கொஞ்சம் இடறுது, ஆனா கொழப்பம் இல்ல. உங்களுக்கு எது சரியா படுதுன்னு சொல்லுங்க ஐயா.